முக்கோண இன்ஜின் தந்த வாங்கெல்

உலகமே வியந்த ஒரு கார் இன்ஜினைக் கண்டுபிடித்தவருக்குக் கார் ஓட்டும் உரிமமே கிடையாது என்றால் நம்புவீர்களா, குழந்தைகளே? கண்பார்வை அவருக்கு அவ்வளவு மங்கல். தான் கண்டுபிடித்த இன்ஜின் பொருத்திய காரை வாங்கினார். வேறொருவர் ஓட்ட, அதில் உட்கார்ந்து போனார். அவர் பெயர் பெலிக்ஸ் வாங்கெல்.

ஜெர்மனியின் தென்மேற்கே, ரைன் ஆற்றுச் சமவெளியில் லார் என்றொரு சிறிய ஊர் இருக்கிறது. அங்கே 1902ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் நாள் பெலிக்ஸ் பிறந்தார். வீட்டுக்கு ஒரே பிள்ளை. தந்தை வனத்துறை அதிகாரி. 1914இல் முதல் உலகப் போர் வெடித்தது. போருக்குப் போன தந்தை திரும்பி வரவில்லை. தாய்தான் மகனை வளர்த்தார்.

போர் முடிந்த பிறகு ஜெர்மனியில் விலைவாசி ராக்கெட் வேகத்தில் ஏறியது. ஒரு ரொட்டி வாங்க மூட்டை மூட்டையாகப் பணம் வேண்டியிருந்தது. வாங்கெல் குடும்பத்தின் சேமிப்பும் கரைந்து போனது. 1921இல் பள்ளிப் படிப்பை முடிக்காமலேயே பெலிக்ஸ் வேலைக்குப் போனார். ஹைடெல்பெர்க் நகரில் ஒரு புத்தக வெளியீட்டு நிறுவனத்தில் புத்தகம் விற்கும் வேலை! கல்லூரி வாசலை மிதித்ததில்லை. பட்டறை வேலையையும் முறையாக எவரிடமும் கற்றதில்லை. கணக்கும் இயந்திரமும் தாமாகப் படித்தவை.

பதினேழு வயதில் அவர் ஒரு கனவு கண்டதாகச் சொல்வார்கள். தானே செய்த காரில் ஒரு கச்சேரிக்குப் போகிறாராம். அந்தக் காரில் மேலும் கீழும் குதிக்காத, சுழலும் இன்ஜின் இருந்ததாம். கனவு உண்மையோ கதையோ, 1924இல் ஹைடெல்பெர்க்கில் நண்பர்களுடன் சேர்ந்து ஒரு சின்னப் பட்டறையை அவர் தொடங்கியது உண்மை. பகலில் புத்தகம், மற்ற நேரத்தில் இரும்பு. 1926இல் புத்தக வேலையும் போயிற்று. அப்புறம் இரும்பு மட்டும்தான்.

சரி, அந்தக் கனவில் அப்படி என்ன விசேஷம்? அதைப் புரிந்துகொள்ள, சாதாரண இன்ஜின் எப்படி ஓடுகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

அப்பாவின் பைக்கிலும் பேருந்திலும் இருப்பது பிஸ்டன் இன்ஜின். ஒரு குழாய்க்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய் வரும். பைக் இன்ஜின் செய்யும் வேலைகள் நான்கு. பெட்ரோலும் காற்றும் கலந்த புகையை உள்ளே இழுக்கும், அதை அழுத்தும், பொறி வைத்து எரிக்கும், எரிந்த புகையை வெளியே தள்ளும். இதில் ஒரு சங்கடம் உண்டு. பிஸ்டன் மேலே போனதும் ஒரு கணம் நின்று, திரும்பி, கீழே வர வேண்டும். கீழே வந்ததும் மறுபடி நின்று திரும்ப வேண்டும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை இப்படி நின்று நின்று ஓடினால் ஆட்டமும் அதிர்வும் வராமல் என்ன செய்யும்? சக்கரம் சுழலத்தானே போகிறது, இன்ஜினும் முதலிலிருந்தே சுழன்றால் என்ன என்று கேட்டார் வாங்கெல்.

இப்படிக் கேட்டவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல. அவருக்கு முன்பே பலர் சுழலும் இன்ஜின் செய்து பார்த்துத் தோற்றிருந்தார்கள். ஏன் தோற்றார்கள்? வட்டமான பிஸ்டனைச் சுற்றி வளையம் மாட்டி, இடுக்கு வழியாகப் புகை கசியாமல் தடுத்துவிடலாம். மூலைகளும் பக்கங்களும் உள்ள ஒரு சுழலும் பொருளில் எப்படித் தடுப்பது? புகை ஒரு அறையிலிருந்து பக்கத்து அறைக்குக் கசிந்தால் இன்ஜினுக்கு வலிமை எங்கிருந்து வரும்? வாங்கெல் இன்ஜினை விட்டுவிட்டு, முதலில் இந்தக் கசிவைப் படிக்க உட்கார்ந்தார். ஒன்றிரண்டு மாதம் அல்ல, இருபது ஆண்டுகளுக்கு மேல்! அவருடைய உண்மையான பெருமை இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். பிஸ்டன் வளையத்தை அதன் சொந்த விறைப்பு மட்டும் சுவரோடு ஒட்ட வைப்பதில்லை, எரியும் புகையின் அழுத்தமே பின்னாலிருந்து தள்ளி ஒட்ட வைக்கிறது என்பதைக் கவனித்தார். எதிரியையே காவலாளி ஆக்குவது போல! சுழலும் இன்ஜினின் மூலைகளிலும் இதே தந்திரத்தைப் பயன்படுத்தலாம் என்று அவருக்குத் தெரிந்தது.

இந்த இடத்தில் ஒரு கசப்பான செய்தியையும் சொல்லியாக வேண்டும். வாங்கெல் இளம் வயதிலேயே ஹிட்லரின் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். இளைஞர்களைத் திரட்டி அந்தக் கட்சிக்காக வேலை செய்தார். பிறகு தன் பகுதித் தலைவரோடு மோதி, 1932இல் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், அந்தத் தலைவர் கையில் அதிகாரம் வந்தது. வாங்கெல் பல மாதங்கள் லார் நகரச் சிறையில் இருந்தார். ஹிட்லருக்கு நெருக்கமான ஓர் ஆலோசகர் தலையிட்டுத்தான் அவரை வெளியே கொண்டுவந்தார். அதன் பிறகும் அவர் அந்த ஆட்சியை விட்டு விலகிப் போகவில்லை. கான்ஸ்டன்ஸ் ஏரிக் கரையில் லிண்டாவ் என்ற ஊரில், அரசின் விமானத்துறை கொடுத்த பணத்தில் ஆய்வுக்கூடம் நடத்தினார். போர் விமான இன்ஜின்களுக்குச் சுழலும் வால்வு செய்வதே அங்கே வேலை. 1940இல் ஹிட்லரின் கொடிய எஸ்.எஸ். படையில் பதவியும் பெற்றார்; 1942இல் அதிலிருந்து நீக்கப்பட்டார். கெட்டிக்காரர் என்பதற்காக இதையெல்லாம் மறைத்து எழுதுவது சரியல்ல.

1945இல் ஜெர்மனி தோற்றது. பிரெஞ்சுப் படை லிண்டாவுக்கு வந்தது. ஆய்வுக்கூடத்தின் கருவிகளைப் பிரித்து எடுத்துக்கொண்டு, வாங்கெலையும் சிறையில் அடைத்தது. 1946இல் அவர் வெளியே வந்தபோது கையில் கருவி இல்லை, பணம் இல்லை. வீட்டிலேயே உட்கார்ந்து மறுபடி வரையத் தொடங்கினார்.

1951இல் நெக்கர்சுல்ம் நகரின் என்.எஸ்.யூ. நிறுவனம் அவரோடு ஒப்பந்தம் போட்டது. மோட்டார் சைக்கிளுக்குப் பெயர் பெற்ற நிறுவனம் அது. வாங்கெல் எந்த வடிவத்துக்குள் எந்த வடிவம் சுழன்றால் சரியாக வரும் என்று நூற்றுக்கணக்கான வடிவங்களை வரைந்து, வகைப்படுத்தி, ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். 1954இல் விடை கிடைத்தது.

இரண்டு பருப்பு உள்ள வேர்க்கடலையைக் கற்பனை செய்து பாருங்கள். நடுவில் கொஞ்சம் இடுப்பு ஒடுங்கியிருக்கும் அல்லவா? இன்ஜினின் அறை அந்த வடிவம்; இடுப்பு மட்டும் இன்னும் லேசாக ஒடுங்கியிருக்கும். அதற்குள் ஒரு முக்கோணம். அதன் பக்கங்கள் நேராக இல்லாமல் வெளியே உப்பியிருக்கும். இதற்கு ரோட்டார் என்று பெயர். ரோட்டாரின் மூன்று முனைகளும் எந்நேரமும் அறையின் சுவரைத் தொட்டுக்கொண்டே சுற்றும். அதனால் முக்கோணத்துக்கும் சுவருக்கும் நடுவில் மூன்று அறைகள் உண்டாகும். ரோட்டார் சுற்றச் சுற்ற, ஒவ்வொரு அறையும் பெரிதாகும், சிறிதாகும், மறுபடி பெரிதாகும், சிறிதாகும். இழுப்பது, அழுத்துவது, எரிப்பது, தள்ளுவது எல்லாம் நடந்துவிடும்! ஒரே நேரத்தில் மூன்று அறைகளிலும் வெவ்வேறு வேலை. ரோட்டார் ஒரு சுற்று சுற்றினால், அதன் நடுவே உள்ள தண்டு மூன்று சுற்று சுற்றும்.

1957ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் முதல் இன்ஜின் ஓடியது. அதில் ரோட்டார் மட்டுமல்லாமல் அதைச் சுற்றியிருந்த அறையும் சேர்ந்து சுழன்றது. வழவழவென்று ஓடிற்று, நிமிடத்துக்கு 17,000 சுற்றையும் தொட்டது. வாங்கெலுக்குப் பூரிப்பு. ஆனால் ஸ்பார்க் பிளக் மாற்ற வேண்டுமானால் இன்ஜினையே பிரிக்க வேண்டும்! இதை எந்த மெக்கானிக் ஏற்றுக்கொள்வார்? என்.எஸ்.யூ.வில் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே என்ற பொறியாளர், அறையை நிறுத்தி வைத்துவிட்டு ரோட்டாரை மட்டும் சுழலவிடும் எளிய இன்ஜினைச் செய்தார். 1958இல் அது ஓடியது. பந்தயக் குதிரையைக் கொண்டுபோய் ஏரில் பூட்டிவிட்டார்களே என்று வாங்கெல் வருந்தினாராம். ஆனால் பின்னாளில் உலகம் முழுதும் வாங்கெல் இன்ஜின் என்று ஓடியதெல்லாம் அந்த ஏர்க் குதிரைதான்.

இனிமேல்தான் உண்மையான சோதனை. சோதனை வந்தது பெட்ரோலால் அல்ல, ஆயிலால்!

எந்த இன்ஜினுக்கும் ஆயில் வேண்டும். உரசும் இடங்களில் வழுக்கல் தரவும், சூட்டை வாங்கிக்கொண்டு போகவும் அது தேவை. வாங்கெல் இன்ஜினுக்கோ ஆயில் இரட்டிப்பு முக்கியம். நடுத்தண்டு ஆயிலில்தான் மிதந்து சுழல்கிறது. ரோட்டாரின் வயிற்றுக்குள் ஆயிலைப் பீய்ச்சி அதன் சூட்டைத் தணிக்கிறார்கள். இவை போதாதென்று, மூன்று முனைகளிலும் சீல் என்ற மெல்லிய பட்டைகள் சுவரை உரசிக்கொண்டே ஓடுகின்றனவே, அவற்றுக்கும் துளித் துளியாக ஆயில் போக வேண்டும். அந்தத் துளிகள் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துவிடும். ஆக, எந்தக் கோளாறும் இல்லாத வாங்கெல் இன்ஜினிலும் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டேதான் வரும். அடிக்கடி அளவு பார்த்து ஊற்ற வேண்டும். துளி குறைந்தால் சீல் தேயும். துளி கூடினால் புகை கிளம்பும். வீட்டில் அம்மா தோசைக் கல்லில் எண்ணெய் விடுவது போல, அளவு தெரிந்து விட வேண்டும்!

என்.எஸ்.யூ. 1964இல் ஸ்பைடர் என்ற சின்னக் காரை வெளியிட்டது. வாங்கெல் இன்ஜினோடு கடைக்கு வந்த முதல் கார் அதுதான். 1967இல் ரோ 80 வந்தது. பார்க்க அழகு, ஓட்டினால் சத்தமே இல்லை. ஐரோப்பாவின் 1968ஆம் ஆண்டுச் சிறந்த கார் என்ற பட்டமும் கிடைத்தது. ஆனால் வாங்கியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். முனைச் சீல்கள் தேய்ந்து இன்ஜின் படுத்துவிட்டது. நிறுவனமும் கௌரவம் பார்த்து, பணம் வாங்காமல் புதிய இன்ஜின்களை மாட்டிக் கொடுத்தது. ரோ 80 ஓட்டுபவர்கள் சாலையில் எதிரெதிரே சந்தித்தால், தாங்கள் எத்தனை இன்ஜின் மாற்றினோம் என்று விரல்களை நீட்டிக் காட்டிக்கொள்வார்களாம்! கையைக் கடித்த செலவு நிறுவனத்தைத் தள்ளாட வைத்தது. 1969இல் என்.எஸ்.யூ. ஆடி நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது.

ஜப்பானின் ஹிரோஷிமா நகரில் இதே பிரச்சினையோடு இன்னொரு கூட்டம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. இன்று மாஸ்டா என்று அழைக்கப்படும் நிறுவனம் 1961இல் வாங்கெல் இன்ஜின் செய்யும் உரிமையை வாங்கியிருந்தது. கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்கள். அவர்கள் இன்ஜினை ஓடவிட்டுப் பிரித்துப் பார்த்தால், அறையின் சுவர் முழுவதும் வரி வரியாகக் கீறல்! பேய் நகத்தால் கீறியது போல இருக்கிறது என்று அதற்குப் பிசாசின் நகக்கீறல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சீல் சுவரில் வழுக்காமல் தத்தித் தத்திப் போனதால் வந்த வினை. எந்தப் பொருளில் சீல் செய்தால் கீறாது? எதை எதையோ செய்து பார்த்தார்கள். மாட்டு எலும்பு, குதிரை எலும்பைக் கூட விடவில்லையாம்! கடைசியில் கார்பனும் அலுமினியமும் சேர்ந்த சீல் கைகொடுத்தது. ஆயில் எரியும் அறைக்குள் கசிந்து வெள்ளைப் புகையாகக் கக்கியது இன்னொரு தொல்லை. அதற்கும் தனியாக ஆயில் சீல் செய்தார்கள். 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் என்ற அழகான கார் கடைக்கு வந்தது.

சாலையில் ஓடலாம், சரி. பந்தயத்தில்?

இப்போது உங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் தரைக்குக் கீழே சம்ப் இருக்கிறது அல்லவா? இன்ஜினுக்கும் சம்ப் உண்டு. அடியில் உள்ள தட்டு போன்ற தொட்டியில் ஆயில் தேங்கி நிற்கும். அதிலிருந்து ஒரு பம்ப் ஆயிலை உறிஞ்சி மேலே அனுப்பும். ஆயில் எல்லா இடங்களையும் நனைத்துவிட்டு, வடிந்து, மறுபடி அந்தத் தொட்டிக்கே வந்து சேரும். இதற்கு ஈரச் சம்ப் முறை என்று பெயர் வைத்துக்கொள்வோம். செலவு குறைவு, சிக்கல் குறைவு. சாலையில் ஓடும் கார்களுக்கு இதுவே போதும்.

ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, கையில் ஏந்திக்கொண்டு ஓடி, சட்டென்று ஒரு முனையில் திரும்பிப் பாருங்கள். (வாசலில் செய்யுங்கள், கூடத்தில் செய்து திட்டு வாங்கினால் நான் பொறுப்பல்ல!) தண்ணீர் முழுக்க ஒரு பக்கமாக ஏறிவிடும். பந்தயக் கார் வளைவில் திரும்பும்போது அடித்தொட்டியின் ஆயிலும் அப்படித்தான் ஒதுங்கும். பம்பின் வாய்க்கு ஆயில் கிடைக்காது. காற்றை உறிஞ்சிவிடும். சில நொடிகள் போதும்: தண்டு வறண்டு உரசும், ரோட்டாரின் சூடு தணியாது. வாங்கெல் இன்ஜின் ஆயிலையும் எரித்துக் குறைத்துக்கொண்டே போகும் ஆதலால், தொட்டியில் அளவு இறங்க இறங்க ஆபத்து கூடும்.

இதற்கு மாற்றுத்தான் உலர் சம்ப் முறை. இதை வாங்கெல் கண்டுபிடிக்கவில்லை. விமானங்களிலும் பந்தயக் கார்களிலும் அதற்கு முன்பே இருந்தது. இதில் இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கவே விடமாட்டார்கள். வடிந்து வந்ததும் ஒரு பம்ப் அதை உறிஞ்சி, தனியாக உயரமாக வைத்த தொட்டிக்கு அனுப்பிவிடும். சம்ப் தண்ணீரை மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறோமே, அதே கதை. வரும் ஆயிலில் காற்றுக் குமிழ்கள் நுரைத்துக்கொண்டு வரும். உயரமான தொட்டியில் குமிழ்கள் மேலே போய்விட, சுத்தமான ஆயில் அடியில் நிற்கும். அடியிலிருந்து இன்னொரு பம்ப் அதை இன்ஜினுக்குத் தள்ளும். கார் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் குறுகிய உயரமான தொட்டியின் அடிவாயில் ஆயில் இருந்துகொண்டேயிருக்கும். இன்னொரு லாபமும் உண்டு. இன்ஜினுக்குக் கீழே ஆழமான தொட்டி இல்லாததால், இன்ஜினையே தரைக்கு நெருக்கமாக இறக்கி வைக்கலாம். கனம் தாழ்வாக இருந்தால் கார் வளைவில் தடுமாறாது. குழாய்களும் பம்புகளும் கூடுவதால் விலை கூடும், கசியக்கூடிய இடங்களும் கூடும். அதனால்தான் கடைக்கு வந்த மாஸ்டா கார்கள் ஈரச் சம்போடு நின்றன. பந்தயக் கார்களுக்கோ உலர் சம்ப்.

வாங்கெல் இதற்குள் செல்வராகிவிட்டார். பட்டம் வாங்காதவருக்கு 1969இல் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1971இல் தன் நிறுவனத்தை 10 கோடி மார்க்குக்கு விற்றார். விலங்குகளிடம் அவருக்கு மிகுந்த அன்பு. சோதனைகளுக்காக விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் ஆராய்ச்சிக்கென்று தன் பெயரில் ஒரு பரிசும் ஏற்படுத்தினார். 1973இல் பெட்ரோல் விலை உயர்ந்தபோது, அதிகம் குடிக்கும் வாங்கெல் இன்ஜினைப் பல நிறுவனங்கள் கைவிட்டன. மாஸ்டா மட்டும் விடவில்லை. 1988 அக்டோபர் 9ஆம் நாள், தன் 86ஆம் வயதில் வாங்கெல் ஹைடெல்பெர்க்கில் காலமானார்.

அவர் பார்க்காமல் போன ஒரு காட்சி மிச்சம் இருந்தது. பிரான்ஸ் நாட்டின் லெ மான் நகரில் 24 மணி நேரம் இடைவிடாது நடக்கும் கார் பந்தயம். மாஸ்டா ஆண்டுக்கணக்கில் போய்ப் போய்த் திரும்பியது. 1992இல் வரவிருந்த புதிய விதிகளில் இந்த இன்ஜினுக்கு இடமில்லை. 1991 ஜூன்தான் கடைசி வாய்ப்பு! நான்கு ரோட்டார்கள் உள்ள இன்ஜின், உலர் சம்ப், முனைகளில் செராமிக் சீல்கள். இப்படிக் கிளம்பியது ஆரஞ்சும் பச்சையும் பூசிய 55ஆம் எண் கார், 787 பி. தொடங்கிய இடமோ 19. ஜெர்மனியின் வோல்கர் வைட்லர், இங்கிலாந்தின் ஜானி ஹெர்பர்ட், பெல்ஜியத்தின் பெர்ட்ராண்ட் காஷோ என்று மூவர் மாறி மாறி ஓட்டினார்கள்.

இரவு கழிந்தது. விடிந்தது. முன்னால் போன கார்கள் ஒவ்வொன்றாகப் பின்தங்கின. முதலிடத்தில் இருந்த மெர்சிடிஸ், இன்னும் சில மணி நேரமே இருக்கையில் இன்ஜின் சூடேறி நின்றுவிட்டது. மாஸ்டா முன்னே வந்தது. கடைசிச் சுற்றுகளை ஹெர்பர்ட் இடைவிடாமல் ஓட்டி முடித்தார். மொத்தம் 362 சுற்றுகள், 4,900 கிலோமீட்டருக்கு மேல். ஜப்பான் நிறுவனம் ஒன்று லெ மானில் வென்றது அதுவே முதல் முறை. காரை விட்டு இறங்கிய ஹெர்பர்ட், உடலில் நீர் வற்றி மயங்கி விழுந்தார். அவரை மருத்துவ அறைக்குத் தூக்கிப் போனார்கள். வெற்றி மேடையில் மற்ற இருவர் மட்டும் நின்றார்கள். ஓட்டியவர் வறண்டு போனார், இன்ஜின் வறளவில்லை!

கடைகளில் மாஸ்டாவின் ஆர்.எக்ஸ். 8 கார் 2012 வரை வந்து நின்றது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானபோது, ஆயிலையும் சேர்த்து எரிக்கும் இன்ஜினுக்கு அவற்றைச் சமாளிப்பது பெரும்பாடாயிற்று. 2023இல் ஒரே ஒரு ரோட்டார் கொண்ட சிறிய வாங்கெல் இன்ஜினை மாஸ்டா மறுபடி ஒரு காரில் வைத்தது. இந்த முறை அது சக்கரத்தைச் சுழற்றவில்லை. மின்சாரக் காரின் பேட்டரிக்காக மின்சாரம் தயாரிக்கிறது. லெ மானில் வென்ற 55ஆம் எண் கார் ஹிரோஷிமாவில், மாஸ்டா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.